ஒக்டோபர்த் தாடி

ஐஸ் ஹொக்கியை நான் பார்த்துப் பழகவில்லை, படித்துப் பழகினேன். அக்காவுக்குக் கனடாவில் மாப்பிள்ளை சரிவந்த கோடையில் அப்பா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பெடியனோடை கிழமைக்கு ஒருக்கா நீ கதை. எனக்கு என்னத்தைக் கதைக்கிறதெண்டு தெரியாது. நீ படிச்சனி."

எங்கள் வீட்டில் ஒரு வேலை யார் தலையில் விழவேண்டும் என்பதை அந்தக் கடைசி இரண்டு சொற்கள்தான் தீர்மானிக்கும். விசா அலுவலுக்குப் பிரிபெக்தூரில் வரிசையில் நிற்பது, மின்சாரக் கட்டணத்துக்காகத் தொலைபேசியில் வாதாடுவது, டொக்டர் சொன்னதை அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது எல்லாம் நான். பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்துப் பல்கலைக்கழக வாசல்வரை போன முதல் ஆள் நான்தான். ஆகவே மாப்பிள்ளையும் என் பாடத்திட்டத்தில் சேர்ந்தார்.

மாப்பிள்ளை ரொறன்ரோவில் இருந்தார். முதல் அழைப்பில் அங்கத்தைய வெயிலையும் எங்கள் பாரிஸ் மழையையும் பேசி முடித்தோம். இரண்டாவது அழைப்பில் அவற்றையே இடம் மாற்றிப் பேசினோம். மூன்றாவதில் அவர் தற்செயலாக ஹொக்கி என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு, மூடிக்கிடந்த கடையின் ஷட்டரைத் தூக்கியதுபோல மனிதர் திறந்துகொண்டார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பரீட்சைக்கு வரப்போகிற பாடம் இதுதான்.

அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மெத்ரோவில் படித்தேன். எந்தக் கோட்டைத் தாண்டினால் விசில், எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு நேரம் தண்டனைப் பெட்டிக்குள் இருக்கவேண்டும், கோல் காப்பாளரை எப்போது வெளியே எடுப்பார்கள் என்று எல்லாவற்றையும் பாடமாக்கினேன். பிறகு ஓர் அணியையும் தெரிவு செய்தேன். மொன்றியால். அவர்களுடைய ஆட்டத்துக்கு வர்ணனை பிரெஞ்சில் இருந்தது, எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. இந்தச் செய்தியை அத்தானுக்குப் பெருமையாகச் சொன்னேன்.

"எது மச்சான், திரும்பச் சொல்லு?"

"மொன்றியால், அத்தான்."

"மச்சான், கலியாணத்தைக் கொஞ்சம் யோசிப்பமோ?"

ரொறன்ரோவும் மொன்றியாலும் எங்கள் ஊர்க் கோயிலில் ஓயாமல் சண்டை பிடிக்கிற இரண்டு பகுதியாரைப்போல என்பது பாடப்புத்தகத்தில் இருந்தது. ஆனால் அதை நான் பரீட்சைக்கு வராத பகுதி என்று நினைத்து விட்டிருந்தேன்.

ஒக்டோபரில் போட்டிகள் தொடங்கின. பருவத் தொடக்கத்தில் கனடிய அணிகளைப் பார்ப்பது கலியாண மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பது மாதிரி. வின்னிபெக், அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கே வந்து முன் வரிசையில் இருக்கிற குடும்பம். எட்மன்டன், தாலி கட்டியபிறகு ஆறுதலாக வந்து முதல் பந்தியில் இடம் பிடிக்கும். வன்கூவர் காருக்குள் சண்டை பிடித்துக்கொண்டு வந்து, இறங்கும்போது மட்டும் சிரிக்கும். கல்கரி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, கலியாணப் பட அல்பத்தில்தான் கண்டுபிடிக்கலாம். ஒட்டாவா, "அடுத்தமுறை எல்லாருமாச் சேர்ந்து வாறம்" என்று வருடா வருடம் சொல்லும். ரொறன்ரோ பட்டுவேட்டி, சங்கிலி, வாசனை எல்லாவற்றோடும் வாசலை அடைத்துக்கொண்டு நுழையும். ஒக்டோபரில் அவர்களைப் பார்த்தால் வெற்றிக் கிண்ணத்தை வீட்டில் எந்த மூலையில் வைப்பது என்பதுதான் மிச்சப் பிரச்சினை போலத் தோன்றும். வசந்தம் வந்தால் ஆளைத் தேடவேண்டும். ஆரம்ப சூரத்தனம் என்ற சொல்லைத் தமிழர்கள் பனிக்கட்டியைக் காணும் முன்பே எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு வியப்பு.

என்னுடைய மொன்றியால்? எல்லாம் இளம் கால்கள். ஒரு நாள் பெரிய அணி ஒன்றைப் புரட்டி எடுப்பார்கள். அடுத்த நாள், பக்கத்தில் நிற்பவன் தங்கள் ஆள்தானா என்று சந்தேகப்படுகிறவர்களைப்போல விளையாடுவார்கள். அம்மா தோசை சுடும்போது ஒன்று வட்டமாக வந்தால் அடுத்தது கல்லில் ஒட்டுமே, அப்படி. ஒரு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு வெற்றி, ஒரு தோல்வி.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அத்தான் அழைத்தார். அம்மா சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்திக்கொண்டிருந்தார். நான் அதே அறையில், தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மச்சான், நேற்றும் வாங்கிக் கட்டினியளாம்?"

"ஒரு மட்ச்தானே அத்தான்."

"தொடர்ந்து ரெண்டு மட்ச் உங்கட ஆக்கள் தோக்காமல் விளையாடட்டும் பாப்பம். நான் பாரிஸுக்கு நடந்து வந்து தாலி கட்டுறன்."

"விளையாடுவினம்! ரெண்டு மட்ச் தோக்காமல் விளையாடுற வரைக்கும் நான் சேவ் எடுக்கமாட்டன்."

ஹொக்கி ஆட்டக்காரர்கள் பருவக் கடைசியில், வெளியேற்றப் போட்டிகள் தொடங்கியதும் சவரம் செய்வதை நிறுத்திவிடுவார்கள். தோற்று வீட்டுக்குப் போகும்வரை தாடி. அதையும் படித்திருந்தேன். எங்கேயாவது பயன்படுத்தவேண்டும் என்று மனம் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "விசரா, அது ஏப்ரல் மாசத் தாடியடா! ஒக்டோபரிலை ஆரும் விடுறேல்லை!"

நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கையில் எரிந்த நெருப்புக்குச்சியோடு திரும்பிப் பார்த்தார்.

"விளக்குக்கு முன்னாலை நிண்டு என்ன சொன்னனி?"

"பகிடிக்கம்மா."

"எரியிற விளக்குக்குப் பகிடி தெரியுமோ? நேத்திக்கடன் வைச்சால் வைச்சதுதான்."

இப்படித்தான் என் தாடி ஹொக்கியிலிருந்து பிரிந்து எங்கள் குடும்பத் தெய்வத்தின் பொறுப்புக்குள் போனது.

வளர்ந்துவிட்டால் தாடிக்கு ஊர் காரணம் கற்பிக்கும். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் அதற்கு அதிக நேரம் எடுக்காது. மரக்கறிக் கடை அண்ணை முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே, "ஆரடா அவள்? எங்கட ஆளோ, வெள்ளையோ?" என்று கேட்டார். மன்னாரிலிருந்து வந்த, மாதா கோயில் பூசை தவறாத எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி மின்தூக்கிக்குள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தவக்காலத்துக்கு இன்னும் கனநாள் கிடக்கே மகன்" என்றார். ரூ லூயி-பிளாங் தெருவில் நான் வழக்கமாகப் போகும் சலூன்கார அண்ணைக்குத்தான் உண்மை தெரியும். நான் கடைக்கு முன்னால் போகும்போதெல்லாம் கத்தரிக்கோலை ஆட்டி, "உன்ரை மொன்றியால் என்ரை வயித்திலை அடிக்குதடா!" என்று கத்துவார். அலுவலகத்தில் மட்டும் பிரெஞ்சுக்காரர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். அதைச் சொல்லி அம்மாவைத் தேற்ற முடியாது.

ஏனென்றால் அக்காவின் கலியாணம் நவம்பரில். எங்கள் முறைப்படி மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பிதான் அவருடைய காலைக் கழுவவேண்டும். அவர் எனக்கு மோதிரம் போடுவார். பிறகு நான் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். இதெல்லாம் மழித்த முகத்தோடு, வேட்டி சால்வையோடு. ஒரு நாள் வீடியோ அழைப்பில் மாப்பிள்ளையின் தாயார் என்னைக் கண்டுவிட்டார். மெல்லிய குரலில் அம்மாவிடம் கேட்டார்:

"உங்கட வீட்டிலை ஏதும் துக்கமோ? சொல்லவே இல்லை."

அம்மா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. தாடியோடு நின்றால் மங்கல காரியத்தில் துக்க முகம். சவரம் செய்தால் முறிந்த நேர்த்தி. இரண்டு வழியாலும் வருகிற கேடு நேரே அக்காவின் தலையில்தான் இறங்கும் என்பது அம்மாவின் கணக்கு. அக்காவுக்கு இதில் நம்பிக்கை அரைவாசிதான். ஆனால் தாய் சாப்பிடாமல் இருக்கிற வீட்டிலிருந்து தாலி கட்டிக்கொண்டு கண்டம் தாண்டிப் போகிறவளுக்கு அரைவாசியே போதும். ஒரு நாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டேய், உனக்கு வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதோ?"

"நான் என்னக்கா செய்ய? மொன்றியாலுக்குக் காப்பு வரிசை பலவீனம். போகப்போகச் சரிவரும்."

"என்ரை கலியாணம் போகப்போக வராது. நவம்பரிலை வருது. அம்மா இப்பிடியே அழுதுகொண்டு நிண்டால் நான் எப்பிடியடா மணவறையிலை இருக்கிறது?"

அவள் கண் கலங்கியிருந்தது. அதுவரை எனக்கு இது ஒரு நல்ல பகிடியாகவே இருந்தது.

ஐயரிடம் கேட்டு, ஓர் அபிஷேகம் செய்து நேர்த்தியைக் கழித்துவிடலாமே என்றேன். அம்மா என்னைக் கேவலமாகப் பார்த்தார். "டிக்கெட் எடுக்காமல் ஏறிப்போட்டு, பிடிபட்டால் அமோந்த் கட்டுவம், தண்டக்காசுதானே எண்டு திரியிற ஆக்களின்ரை கதை இது. நான் அப்பிடிப் பிள்ளை வளக்கேல்லை."

மிச்சம் ஒரு வழிதான். மொன்றியால் தோற்காமல் இருக்கவேண்டும். எனவே அம்மா ஹொக்கி பார்க்கத் தொடங்கினார்.

ஆட்டங்கள் நாங்கள் தூங்கும் நேரத்தில் நடப்பவை. காலையில் தேநீரோடு பதிவைப் போட்டுப் பார்ப்போம். அம்மாவுக்கு ஐஸ் பிடித்திருந்தது. ஆட்டக்காரர்கள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடிபட்டபோதுதான் மனம் கேட்கவில்லை. "மத்தியஸ்தம் பாக்கிறவன் பாத்துக்கொண்டு நிக்கிறான்! இவன் பிள்ளைகுட்டிக்காரன் இல்லையோ?" அப்பா பின்னால் நின்று, "பந்து எங்கையப்பா?" என்று கேட்பார். காட்டுவதற்குள் அது கோலுக்குள் போயிருக்கும். "கண்ணுக்குத் தெரியாத பந்துக்கு ஒரு தாடி" என்றுவிட்டு அவர் தன் உணவகத்து வேலைக்குப் போவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் வழமைபோல் கேட்டார்:

"பேர், நட்சத்திரம்?"

"இது ஒரு கூட்டத்துக்கு ஐயா. இருபது பேர் வரும்."

"சரி, ஒவ்வொருத்தராச் சொல்லுங்கோ."

அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு இருபது பேரின் பெயரும் தெரியும். பிறந்த திகதியும் தெரியும். நட்சத்திரம்தான் தெரியாது. கோல் காப்பாளரின் பிறந்த நாளை வைத்துக் கைத்தொலைபேசியில் நட்சத்திரம் தேடத் தொடங்கினேன். பிறந்த நேரம் கேட்டது. ஐயர் எங்களுக்குப் பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார்.

"பிள்ளை, சுவாமி பேரிலையே செய்வம். சுவாமிக்குத் தெரியும் ஆரெண்டு."

சுவாமி பெயரில் செய்தோம். மொன்றியால் தோற்றது. "சுவாமி பேரிலை செய்தால் பலன் சுவாமிக்குத்தானே போகும்" என்று அம்மா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

கலியாண வாரம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, பாரிஸுக்குப் பக்கத்து ஆர்ஜொந்தெய்யில் உறவினர் வீட்டில் இறங்கினார்கள். அத்தான் என்னை முதன்முதலாக நேரில் கண்டு, கட்டிப்பிடித்து, கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "முனிவரே, ஆசீர்வாதம்" என்றார். அவருடைய அப்பா, மகனை விடத் தீவிரமான ரொறன்ரோக்காரர், என் தாடியைப் பார்த்து ரகசியமாகச் சந்தோசப்பட்டார். தாயாருக்கு விஷயத்தை விளக்கிச் சொன்னோம். விளங்கியது, ஆனால் முகம் தெளியவில்லை.

வியாழக்கிழமை மொன்றியால் வென்றது. நல்ல, அழகான வெற்றி. அம்மா பால்சோறு பொங்கினார். அடுத்த ஆட்டம் சனிக்கிழமை, கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. தோற்காமல் இருந்தால் ஞாயிறு காலை சவரம் எடுத்துவிடலாம். எல்லாம் பொருந்தி வந்தது. அட்டவணையைப் பார்த்தேன். சனிக்கிழமை எதிரணி ரொறன்ரோ.

அம்மாவிடம் சொன்னபோது அவர் கையில் கற்பூரத் தட்டு இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"கலியாணத்துக்கு முதல் நாள், மருமகன் தோக்கவேணும் எண்டு மாமியார் கும்பிடலாமோ?"

அந்தப் பாடத்தை எங்கேயும் நடத்தவில்லை. கடைசியில் அவர், "எல்லாரும் நல்லா இருக்கவேணும்" என்று பொதுவாகக் கும்பிட்டுவிட்டு விளக்கைத் தூண்டினார். பொதுவாகக் கும்பிட்டதால்தான் முடிவும் அப்படி வந்தது என்று இன்றைக்கும் சொல்வார்.

ஞாயிறு காலை அப்பாவின் குரல்தான் என்னை எழுப்பியது. தொலைபேசியைத் தூரத்தில் பிடித்தபடி நின்றார்.

"தம்பி, நேரம் முடியுமட்டும் சமம். பிறகும் சமம். பிறகு ஒவ்வொருத்தனாப் போய் அடிச்சிருக்கிறாங்கள்."

"ஆர் வெண்டது?"

"நீலம்."

நீலம் ரொறன்ரோ. அறைக்குள் ஒப்பனைப் பெண்ணுக்கு முன்னால் இருந்த அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அம்மா கதிரையில் இருந்துவிட்டார்.

"ஆனால் அம்மா," என்றேன், "மேலதிக நேரத்துக்குப் போய்த் தோத்தால் ஒரு புள்ளி குடுப்பினம். அது முழுத் தோல்வி இல்லை."

"தோத்தவைக்குப் புள்ளியோ?"

"ஓம். வெண்டவைக்கு ரெண்டு, தோத்தவைக்கு ஒண்டு."

அம்மாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து, உடனே அணைந்தது. "நீ உன்ரை தாடிக்காகச் சொல்லுறாய். உன்ரை சாட்சி செல்லாது."

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. என் முகத்தைப் பற்றிய வழக்கில் நானே சட்டம் சொல்ல முடியாது. அப்பாவுக்குப் பந்தே தெரியாது. வேறு யார்?

"எதிர்ப்பக்கம் சொல்லட்டும்" என்றார் அம்மா. "இந்த நேத்தி அவரோடை கதைக்கேக்கைதான் வந்தது. அவரையே கேள்."

அத்தானை வீடியோவில் அழைத்தேன். ஆர்ஜொந்தெய்யில் அவருக்குப் பால் அறுகு வைத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு வார்க்குமுன் பெரியவர்கள் ஒவ்வொருவராக அறுகம்புல்லைப் பாலில் தோய்த்து மாப்பிள்ளையின் தலையில் வைப்பார்கள். நெற்றியால் பால் வழிய, காதோரம் புல் தொங்க, சால்வையோடு பலகையில் இருந்தார் அவர். அவருக்குப் பின்னால் அவருடைய அப்பாவும் மாமன்மாரும் நின்றார்கள். இரவு முழுக்க ஆட்டம் பார்த்த கண்கள். என்னைக் கண்டதும் ஓர் ஆரவாரம் எழுந்தது.

"மச்சான், பாத்தியே? பாத்தியே?"

"அத்தான், அம்மா ஒண்டு கேக்கிறா."

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தொலைபேசியை வாங்கினார். அதுவரை மருமகனோடு ஒரு வரிக்கு மேல் பேசியதில்லை.

"தம்பி, உண்மையைச் சொல்லவேணும். தலையிலை அறுகு இருக்கு. நேற்று இவன்ரை ஆக்கள் தோத்தவையோ, இல்லையோ?"

அங்கே சிரிப்பு நின்றது. தகப்பன் முன்னால் வந்தார். "இதென்ன கேள்வி? வெண்டது நாங்கள். சொல்லடா!"

அத்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நான் அம்மாவின் கையிலிருந்த தொலைபேசியைக் கொஞ்சம் திருப்பினேன். கண்ணாடி வழியாக அக்காவின் பாதி அலங்காரம் செய்த முகமும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு சொட்டுப் பால் மூக்கு நுனியில் நின்றது. அவர் துடைக்கவில்லை.

"மாமி, வெண்டது நாங்கள்தான். அதிலை மாற்றமில்லை. ஆனால் புள்ளி அட்டவணையிலை வெற்றிக்கு ஒரு நிரல், தோல்விக்கு ஒரு நிரல், இப்பிடி மேலதிக நேரத்திலை போறதுக்கு வேறயா ஒரு நிரல் இருக்கு. நேற்றையான் மட்ச் மொன்றியாலுக்குத் தோல்வி நிரலிலை ஏறேல்லை."

"டேய்!" என்றார் தகப்பன்.

"அப்பா, இருக்கிறதைத்தானே சொல்லுறன்."

"வெண்டுபோட்டு ஆரும் இப்பிடிப் பங்கு பிரிப்பினமே? உனக்கு வெக்கமில்லையோ?"

"கலியாணத்தண்டைக்கு என்னப்பா வெக்கம்?"

அம்மா நிமிர்ந்தார். "எழுதி வைக்கிறவையே தோல்வியெண்டு எழுதேல்லையெண்டால் நாங்கள் ஏன் எழுதுவான்?" என்று அறை முழுக்கக் கேட்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஓடு!" என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரூ லூயி-பிளாங்கால் ஓடினேன். ஞாயிறு காலை, சலூனில் கூட்டம். பாதிப் பேர் அதே கலியாணத்துக்கு வருகிறவர்கள். என்னைக் கண்டதும், கதிரையில் அரைத் தலையோடு இருந்த ஒருவரை அண்ணை தோளில் பிடித்து எழுப்பினார். "நீ எழும்பு. இது அவசர சிகிச்சை." அவரும் மறுபேச்சின்றி எழுந்து சுவரோரம் நின்றார். அண்ணை இவ்வளவு மகிழ்ச்சியோடு சவரம் செய்ததை நான் கண்டதில்லை. கன்னங்கள் வெளியே வந்ததும் நவம்பர்க் காற்று முகத்தில் பச்சைத் தண்ணீர்போல் பட்டது. நாடியில் சின்னதாய் ஒரு வெட்டு. "அது உனக்கு மேலதிக நேரத்தாலை வந்தது" என்றார் அண்ணை.

மண்டப வாசலில் மேளம் முழங்க மாப்பிள்ளை வந்து இறங்கினார். தலைப்பாகைக்குள் அவர் வேறு ஆளாகத் தெரிந்தார். செம்பை எடுத்துக் குனிந்து அவருடைய காலில் தண்ணீர் ஊற்றினேன். கால் குளிர்ந்து கிடந்தது. மோதிரத்தை என் விரலில் ஏற்றிக்கொண்டே அவர் தாழ்ந்த குரலில் பேசினார்.

"மச்சான், உனக்கு இப்பிடி ஒரு முகம் இருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"அத்தான், மாமா இன்னும் கோவமோ?"

"காரிலை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. என்ரை சீவியத்திலை முதல்தரமா, வெண்ட அடுத்தநாள் தோத்த மாதிரி இருக்கிறன்."

"ஏன் அத்தான் அப்பிடிச் சொன்னனீங்கள்? பேசாமல் வெண்டதெண்டு விட்டிருக்கலாமே."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது உள்ளே இருந்து பெரியவர் ஒருவர், நேரம் போகிறது, நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். இரண்டு எட்டுத்தான் வைத்திருப்பார். ஈரக் கால் மண்டபத்தின் வழுவழுத்த தரையில் சறுக்கியது. தலைப்பாகை ஒரு பக்கம் சாய, மாப்பிள்ளை என் தோளை இறுக்கிப் பிடித்தார். நான் அவருடைய இடுப்பை வளைத்துப் பிடித்தேன். இருவரும் அப்படியே கொஞ்சத் தூரம் வழுக்கிப் போய் நின்றோம். கூட்டம் "ஐயோ" என்றது. படப்பிடிப்பாளர் கமராவை விடாமல் அமத்தினார்.

பின்னால் மணமகள் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. பெண் இந்த நேரத்தில் எட்டிப் பார்க்கக்கூடாது. அக்கா பார்த்துக்கொண்டுதான் நின்றாள். நகைகள் குலுங்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவும், கையில் ஆரத்தித் தட்டோடு, சத்தமாகவே சிரித்தார்.